தோழருக்கு ரோமிலிருந்து

அன்புள்ள கதிர்,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். என் மகளுக்கு நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "உங்கப்பன் அங்கே போப்பாண்டவர் ஆயிட்டானா?" என்று கேட்டிருக்கிறாய். நான் எழுதவில்லை, சரி. நீ மட்டும் எழுதிக் கிழித்துவிட்டாயா? கணக்கு நேர். முழங்கால் பரவாயில்லை. சர்க்கரை என்ன என்று கேட்காதே, இந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஐஸ்கிரீம் கடை.

எல்லோரும் பார்க்கிறதை எல்லாம் முதலிலேயே பார்த்து முடித்தாயிற்று. சிஸ்டைன் சாப்பலில் திருப்பதி தர்ம தரிசனம்தான், 'ஜருகண்டி' என்பதற்குப் பதிலாகக் காவலர்கள் 'சிலென்சியோ' என்கிறார்கள். கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்ப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு முழங்கை. திரெவி நீரூற்றில் தண்ணீரைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, எல்லாம் கைபேசிகள். கொலோசியம் பெரிதுதான், இல்லையென்று சொல்லவில்லை.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. தெஸ்தாச்சோ என்று ஒரு பேட்டை இருக்கிறது, டைபர் ஆற்றின் ஓரம். மெட்ரோவில் 'பிரமிதே' என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். இறங்கி நிமிர்ந்தால் எதிரே நிஜமாகவே ஒரு பிரமிடு! கெஸ்தியுஸ் என்ற ரோமானிய அதிகாரி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தனக்காகக் கட்டச் சொன்ன கல்லறை, 36 மீட்டர் உயரம். 330 நாளில் கட்டி முடித்தோம் என்று அதிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மேம்பாலக் கான்டிராக்டர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு குன்று. சுமார் 35 மீட்டர் உயரம், சுற்றி நடந்தால் ஒரு கிலோமீட்டர். மேலே புல், மரம், ஒரு சிலுவை. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண மண்மேடு. கிட்டே போனால் மண்ணே இல்லை கதிர், மொத்தமும் ஓட்டாஞ்சில்லு! ஐந்து கோடிக்கும் மேற்பட்ட ஆம்போரா சாடிகளை உடைத்துக் கொட்டிய மலை அது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பெரும்பாலானவை எண்ணெய்ச் சாடிகள். ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்து கப்பலில் ஆலிவ் எண்ணெய் வரும், கொஞ்சம் வட ஆப்பிரிக்காவிலிருந்தும். ஒரு சாடிக்கு 70 லிட்டர், காலிச் சாடியே 30 கிலோ. ஆற்றங்கரைக் கிடங்கில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு சாடியை என்ன செய்வது? எண்ணெய் ஊறிய ஓடு சிக்கடித்துவிடும், மறுபடி எதற்கும் ஆகாது. உடைத்து, படிப்படியாக அடுக்கி, நாற்றம் வராமலிருக்க மேலே சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். குப்பையைக்கூட ஒழுங்காகக் கொட்டிய ஜனங்கள். இதையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் செய்தால் மலையாகாமல் என்ன செய்யும்? சில ஓடுகளில் மையால் எழுதிய எழுத்து இன்னும் தெரியுமாம். காலிச் சாடியின் எடை, எண்ணெயின் எடை, வியாபாரி பெயர், எந்த ஆண்டு என்று. பேரரசர்களின் வரலாற்றைவிட எனக்கு இந்த எண்ணெய் வியாபாரிகளின் கணக்கு பிடித்திருக்கிறது.

அப்புறம் இடைக்காலத்தில் திருவிழா நாளில் பன்றிகளை வண்டியில் ஏற்றி இந்த உச்சியிலிருந்து உருட்டிவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். 1849-இல் இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் ஆட்கள் பிரெஞ்சுப் படையை எதிர்க்க மேலே பீரங்கி வைத்தார்கள். ஓடுகளுக்கிடையே காற்று போய்வருவதால் உள்ளே எப்போதும் குளிர்ச்சி. அதனால் அடிவாரத்தைச் சுற்றிலும் குடைந்து ஒயின் நிலவறைகள் அமைத்தார்கள். இன்று அவற்றில் பல சாப்பாட்டுக் கடைகள். நாங்கள் போன கடையில் பின்சுவர் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஓடுகள் அடுக்கடுக்காக. சாப்பாடு ஆறிப்போனதைக்கூடக் கவனிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது உனக்கு யார் ஞாபகம் வர வேண்டுமோ அவன் வந்திருப்பான். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டு ஆற்றங்கரையில் குடைக்கம்பியால் கிளறிய அந்த மகான் மூர்த்திதான். காவலர் துரத்தியபோது நம் இருவரையும் விட்டுவிட்டு சைக்கிளில் பறந்தானே! "டிரெஸ்ஸல் ரெண்டு-நாலு, டிரெஸ்ஸல் ரெண்டு-நாலு" என்று மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருப்பான், நாம் ஏதோ பஸ் நம்பர் என்று கிண்டல் செய்வோம். அந்த டிரெஸ்ஸல் என்கிற ஜெர்மானியர் 1872-இல் வந்து தோண்டி ஆராய்ந்தது இந்த மலையைத்தான். சாடிகளை வடிவம் வடிவமாகப் பிரித்து நம்பர் போட்டவரும் அவரே. 1945-இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த ஒயின் சாடிகளுக்கும் இன்று அந்த நம்பர்தான் பெயர். மூர்த்தி வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த கதையின் மறுமுனை இங்கே மலையாகக் கிடக்கிறது, அவனோ வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

உனக்கும் இங்கே சரக்கு இருக்கிறது. பிரமிடிலிருந்து தெற்கே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நடந்தால் மோந்தெமார்தினி என்ற பழைய மின் நிலையம். 1912-இல் தொடங்கியது, 1963-இல் நிறுத்திவிட்டார்கள். 1997-இல் நகர அருங்காட்சியகத்தில் இடமில்லாமல் போனதும் சிலைகளைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். தற்காலிகம் என்றுதான் வைத்தார்கள், இன்றுவரை அங்கேயே இருக்கின்றன. 7,500 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்கள் கருகருவென்று நிற்க, அவற்றின் முன்னால் வெள்ளைப் பளிங்கில் வீனஸ். நீ வந்தால் வீனஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வால்வை எண்ணுவாய். மின்வாரியத்தார் எவனும் வேறு மாதிரி செய்யமாட்டான். கூட்டமே இல்லை, மண்டபத்தில் எங்கள் செருப்புச் சத்தம்தான்.

பேட்டையில் ஒரு பழைய கசாப்புக்கூடமும் உண்டு, 1975-இல் மூடியது. தொழிலாளிகளுக்குக் கூலியில் ஒரு பங்காகக் குடல், வால், ஈரல் கொடுத்தார்களாம், அதிலிருந்து வந்த சமையல் இங்கே பிரசித்தம். சனிக்கிழமை என்றால் குடல்தான், தக்காளி, புதினா, ஆட்டுப்பால் சீஸ் போட்டு. காரம் கிடையாது. நம் முனியாண்டி கடைப் போட்டிக்கு முன்னால் நிற்காது, ஆனாலும் வழித்துச் சாப்பிட்டேன்.

தோழரே, இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷியின் கல்லறையையும் பார்த்தேன். பிரமிடின் நிழலில் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது, பூனைகள் காவல். உன் சார்பில் ஒரு வணக்கம் போட்டாயிற்று. அங்கேதான் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸும் இருக்கிறார். 1821-இல் இருபத்தைந்து வயதில் காசநோயில் இறந்தவர். அவர் விருப்பப்படி கல்லில் பெயரே வெட்டவில்லை. பக்கத்தில் செவர்ன் என்ற ஓவியர். லண்டனிலிருந்து கூடவே கப்பலேறி வந்து, கடைசி மூச்சுவரை மருந்து கொடுத்து, தூக்கிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்ட நண்பர். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து 1879-இல் இறந்தார். கீட்ஸின் பெயர் இருப்பது அந்த நண்பரின் கல்லில்.

அங்கே நின்றபோது உன்மேல் கோபம் வந்தது கதிர். மதினி போனதிலிருந்து மூர்த்தி வாசல்படி இறங்குவதில்லை என்று அவன் மகன் சொல்கிறான். நீயோ "விடுடா, அவனே வெளியே வருவான்" என்கிறாய். வரமாட்டான். நமக்கு அவனைத் தெரியாதா? புத்தகம்கூடத் திறப்பதில்லையாம். நான் இங்கிருந்து போனில் பேசினால் "ம்" என்கிறான். நீ இரண்டு தெரு தள்ளி இருக்கிறாய்.

அவனை அழைத்துக்கொண்டு அக்டோபரில் வா. வெயில் தணிந்திருக்கும். மலையின் உச்சிக்கு முன்பதிவு செய்தால்தான் கதவைத் திறப்பார்கள், அதனால் இன்னும் ஏறவில்லை, உங்களுக்காக வைத்திருக்கிறேன். மகள் அழைப்புக் கடிதம் அனுப்புவாள். விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குள் நெருக்கிப் போனால் வாங்கமாட்டார்கள். உன் வழக்கப்படி கடைசி நாளில் ஓடாதே. அவனிடம் 'ஐரோப்பா சுற்றுலா' என்று ஆரம்பிக்காதே, முகத்தைத் திருப்பிக்கொள்வான். மகன் கைபேசிக்கு அந்தக் கண்ணாடிச் சுவரின் படத்தை அனுப்பியிருக்கிறேன், அதை மட்டும் காட்டு. என்ன நம்பர் சாடி என்று அவனைக் கேள்.

பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று மகனிடம் விசாரித்து இந்த வாரமே எழுது. வரும்போது சுண்டைக்காய் வற்றல்.

உன்,
ரங்கன்