ரைட்டரை மாற்றாதே, முதலில் பஃபரைப் பார்

புதுச்சேரி

அன்புள்ள முருகா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டையடித்துக் காது குத்திய சேதி அறிந்து மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மழை விட்டாலும் ஈரம் விடவில்லை. கடலூரிலும் அப்படித்தான் இருக்கும்.

விசேஷத்தை டிவிடியில் போட ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, அதுவரை மவுஸும் திக்கித் திக்கி நகர்கிறது என்று எழுதியிருக்கிறாய். புது ரைட்டர் (டிவிடி எழுதும் டிரைவ்) வாங்கக் கிளம்பிவிடாதே. 1எக்ஸ் வேகம் என்பது விநாடிக்குச் சுமார் 1.4 எம்பி, அதில் முழு டிவிடி முடிய ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். 8எக்ஸில் எட்டு, ஒன்பது நிமிடம்தான். உன்னுடையது 1எக்ஸைச் சற்றே தாண்டி ஊர்ந்துகொண்டிருக்கிறது. ரைட்டர் மட்டும் கெட்டிருந்தால் மவுஸ் திணறாது.

இம்ஜ்பர்ன் என்ற டிவிடி எழுதும் மென்பொருள் இலவசம், உன் விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஓடும். அதில் டிவிடி போடும்போது கீழே இரண்டு பட்டைகள் தெரியும்: பஃபர் (எழுதப்போகும் டேட்டா கம்ப்யூட்டரில் காத்திருக்கும் இடம்), டிவைஸ் பஃபர் (அதேபோல் ரைட்டருக்குள் இருப்பது). முதலாவது காலியாகிக்கொண்டே வந்தால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டேட்டா வரத் தாமதம். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன போட்டோ ஃபைல் இருந்தால் இது நடக்கும். முதலில் எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே பெரிய ஃபைலாக ஆக்கிக்கொண்டு அதை ரைட் பண்ணு. முதலாவது நிரம்பியிருக்க, இரண்டாவது மட்டும் ஏறி இறங்கி ஆடினால் ரைட்டரை போர்டோடு இணைக்கும் கேபிளிலோ சேனலிலோ (அந்தக் கேபிள் வழி டேட்டா போகும் பாதை) கோளாறு. இரண்டும் நிரம்பியிருந்தும் மெதுவாகப் போனால் டிஸ்க்கைச் சந்தேகப்படு.

உன் விஷயத்தில் ஆடுவது இரண்டாவதாகத்தான் இருக்கும். காரணம் பிஐஓ மோட் என்ற மெதுவான முறை. கீறல் விழுந்த சிடி ஒன்றைப் படிக்க முடியாமல் டிரைவ் திணறினாலே போதும். இப்படிப் பிழைகள் ஆறுக்கு மேல் சேர்ந்தால் எக்ஸ்பி டிஎம்ஏவை (பிராசஸரைச் சுமக்க விடாமல் டேட்டா போகும் வேகமான முறை) நிறுத்திவிட்டு பிஐஓவுக்கு இறங்கிவிடும். பிறகு ஒவ்வொரு துணுக்கு டேட்டாவையும் பிராசஸரே சுமக்க வேண்டும். மவுஸ் திக்குவது அதனால்தான். தானாக மேலே ஏறவும் ஏறாது.

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர்ஸ் என்பதை விரித்து, ரைட்டர் வழக்கமாக மாட்டியிருக்கும் செகண்டரி ஐடிஇ சேனலை டபுள் கிளிக் செய். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் கரன்ட் ட்ரான்ஸ்ஃபர் மோட் எதிரே பிஐஓ என்று இருக்கிறதா பார். இருந்தால் மேலே 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்' என்று மாற்றுவது மட்டும் பெரும்பாலும் உதவாது. டிரைவர் பக்கம் போய் அந்தச் சேனலையே அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணு. விண்டோஸ் அதைத் திரும்பக் கண்டுபிடித்து இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கும், கொடு. இப்போது அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2 என்று வந்தால் விநாடிக்கு 33 எம்பி. 16எக்ஸுக்கே 22 எம்பிதான் வேண்டும்.

சில நாளில் மறுபடியும் பிஐஓவுக்கு விழுந்தால் கேபிள்தான். நம் பக்கத்து உப்புக் காற்றில் பின்கள் சீக்கிரம் களிம்பேறும். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மூன்று நான்கு தடவை செருகி எடு. முடிந்தால் 80 கம்பி கேபிளாக மாற்று: நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு (கேபிளின் முதல் டிரைவ்), நடுவில் சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு (இரண்டாவது டிரைவ்). 18 அங்குலத்துக்கு மேல் நீளமானதை வாங்காதே. ஹார்ட் டிஸ்க்கும் ரைட்டரும் ஒரே கேபிளில் தொங்கினால் பிரித்துவிடு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும்.

டிஸ்க் பற்றி ஒரு வார்த்தை. மேலே 16எக்ஸ் என்று அச்சடித்திருப்பதை ரைட்டர் பார்ப்பதில்லை. உள்வட்டத்தில் பதிந்திருக்கும் தயாரிப்பாளர் குறியீட்டைப் படித்துத்தான் லேசரை எப்படிச் செலுத்துவது என்று முடிவெடுக்கிறது. தெரியாத குறியீடாக இருந்தால் பாதுகாப்பாக 4எக்ஸோ அதற்கும் கீழோ போகும். ஃபர்ம்வேர் (ரைட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுசு போட்டால் சில சமயம் சரியாகும். இல்லாவிட்டால் வேறு டிஸ்க்தான். லூசில் விற்கிற பெயரில்லாத டிஸ்க்கில் விசேஷத்தைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

எதுவானாலும் 8எக்ஸிலேயே போடு. 16எக்ஸ் வேகம் வெளி ஓரத்தில் மட்டும்தான் எட்டும், மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடம். 'வெரிஃபை' (எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது) டிக் ஆகியிருந்தால் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆனாலும் வெளியூருக்கு அனுப்பும் காப்பிக்கு அந்த டிக்கை எடுத்துவிடாதே.

பட்டைகள் எப்படி ஆடின, கேபிள் 40 கம்பியா 80 கம்பியா என்று எழுது. 80 கம்பி அங்கே கிடைக்காவிட்டால் இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சேகர்