கார்பெட் காற்றை அடைக்காது

அன்புள்ள குமரா,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி பழையபடியேதான். நீ அனுப்பிய தைலத்தை அப்பா எடுத்துப் பூசிக்கொள்கிறார். சின்னவள் தேர்வு எழுதி முடித்துவிட்டாள். தங்கை கேட்ட புத்தகம் கைக்கு வந்ததும் அனுப்புகிறேன். குசலம் போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

உன் காரில் வைத்த புது ஸ்பீக்கர் பெட்டியில் பேஸ், அதான் அடித்தொனி, எடுபடவில்லை, ஆம்ப்ளிஃபையரில் ஒலியை ஏற்றும் கெயின் குமிழை முக்கால்வாசி திருப்பியும் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். நம் நண்பன் பீரங்கியிடம் கேட்டாயாம், இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொன்னானாம். அவனிடம் எதைக் கேட்டாலும் பெரிதாக ஒன்றை வாங்கத்தானே சொல்வான்? அந்த மேசை மின்விசிறி விவகாரத்துக்குப் பிறகும் நீ அவனிடம் யோசனை கேட்கிறாயே, உன்னை என்ன சொல்ல!

முதலில் கெயினைப் பழைய இடத்துக்குக் கொண்டு போ. மீதியை அப்புறம் படிக்கலாம்.

உன் பெட்டிக்கு இருக்கும் அதே நோயோடு ஒரு பெட்டி போன வாரம் என்னிடமே வந்தது. மைத்துனன் காருடையது. செய்து கொடுத்தவர் வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்புக் கார்பெட் ஒட்டி, சப்வூஃபரை, அதாவது பேஸுக்கான பெரிய ஸ்பீக்கரை, அந்தக் கார்பெட்டின் மேலேயே வைத்து ஸ்க்ரூ முறுக்கியிருந்தார். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. ஸ்பீக்கரைக் கழற்றினேன். ஃப்ரேம் உட்கார்ந்த இடத்தில் கார்பெட் வட்டமாக நசுங்கியிருந்தது. அந்த வட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவே, இழைகளில் சாம்பல் நிறத்தில் தூசுக்கோடு ஒன்று உள்ளிருந்து வெளியே ஓடியிருந்தது. காற்று போய்வந்த தடம்! மைத்துனனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அழுக்குதானே, துடைத்தால் போகாதா?” என்றான்.

பலரும் ஏமாறும் இடம் இதுதான். கார்பெட் மெத்தென்று இருக்கிறது, ஸ்க்ரூவை இறுக்கினால் நசுங்குகிறது, அதனால் அதுவே காற்றை அடைக்கும் கேஸ்கெட் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். வைக்கோல் மேல் பலகையை வைத்து அழுத்தினால் காற்று நின்றுவிடுமா? மேலிருந்து எவ்வளவு அமுக்கினாலும் இழைகளுக்கு நடுவே பக்கவாட்டில் வழி இருந்துகொண்டேதான் இருக்கும். 12 அங்குல சப்வூஃபர் என்றால், முன்னும் பின்னும் ஆடும் அந்தக் கூம்பின், கோனின் பரப்பு ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே அரை லிட்டர் காற்று இடம் மாறுகிறது. 30 ஹெர்ட்ஸ் என்றால் இது நொடிக்கு 30 முறை. இந்த அழுத்தத்துக்கு ஒரு மயிரிழை வழி போதும்.

மூடிய பெட்டியில் காற்று சும்மா அடைந்து கிடப்பதில்லை, வேலை செய்கிறது. எட்கர் வில்ச்சுர் 1954இல் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது அதன் சூட்சுமமே, அடைபட்ட காற்றைக் கோனுக்கு ஸ்பிரிங்காக்கியதுதான். இதை எனக்கு முதன்முதலில் விளக்கியவனே நீ. விடுதி மாடியில், பாதி ராத்திரியில், நான் தூங்கவேண்டும் என்று கெஞ்சியும் விடாமல். அந்த ஸ்பிரிங் ஒழுகினால் கீழ் அதிர்வெண்கள் முதலில் போகும். சத்தம் குறைகிறதே என்று நீ கெயினை ஏற்றுவாய். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு திறன் வேண்டும், 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. அவ்வளவும் கோனை ஆட்டும் கம்பிச்சுருளுக்கு, வாய்ஸ் காயிலுக்குத்தான் சூடாகப் போகும். பிடித்து நிறுத்தக் காற்றும் இல்லாததால் கோன் எல்லை மீறி ஆடும். பீரங்கியின் பேச்சைக் கேட்டால் ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்துப் புது ஸ்பீக்கரும் வாங்குவாய்.

“சின்னக் கசிவு இருக்கத்தான் வேண்டும்” என்று நீ வாதாடுவாய், தெரியும். வெளிக்காற்றின் அழுத்தம் நாளுக்கு நாள் மாறும்போது உள்ளே சமமாவதற்கு அது வேண்டும், உண்மைதான். ஆனால் அது மிக மிக மெதுவாக நடக்கும் கசிவு. அதற்கு உன் ஸ்பீக்கரின் துணியும் பசையுமே போதும். காதில் ‘புஸ்’ஸென்று கேட்பது அந்தக் கசிவு அல்ல.

சரி, நீ செய்யவேண்டியது. ஸ்பீக்கரை அதன் இடத்தில் வைத்து ஃப்ரேமைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போடு. ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, புது பிளேடால் அந்தக் கோட்டின் மேலேயே அறுத்து உள்வட்டத்துக் கார்பெட்டை உரித்தெடு. கோட்டுக்குச் சற்று உள்ளே அறுத்து, கார்பெட்டின் ஓரம் ஃப்ரேமுக்கு அடியில் மறையும்படி சிலர் செய்வார்கள். அழகுதான். ஆனால் நசுங்கிய கார்பெட்டின் கனத்தைவிட கேஸ்கெட் தடிமனாக இருந்தால்தான் அது சரிவரும். இல்லையென்றால் விளிம்பு கார்பெட்டின் மேல் ஏறி நின்றுகொள்ளும், கேஸ்கெட்டுக்குப் பிடியே கிடைக்காது. ஒரு மெல்லிய கோடு வெளியே தெரிந்தால் தெரியட்டும். டிக்கிக்குள் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

உரித்த இடத்தில் பசை கட்டி கட்டியாக நிற்கும். அதைச் சுரண்டாமல் மேலே எதை ஒட்டினாலும் வீண். சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, மரப்பசையைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சுக் கொடு; துளையின் உட்சுவரையும் விடாதே. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் வெட்டுமுகம் காற்றைக் கசியவிடும். காய்ந்த பிறகு கேஸ்கெட் நாடா. அது மூடிய துளைகள் கொண்ட ஃபோமாக இருக்கவேண்டும். மெத்தையில் வைக்கும் பஞ்சு ரகம் காற்றை உள்ளே விடும். நாடாவின் இரு முனைகளும் சேரும் இடத்தைச் சாய்வாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று படியும்படி ஒட்டு. ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, கையால் முறுக்கு. உன் கைக்கு மின்சார டிரில் கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். சில நாள் கழித்து மறுபடி ஒரு முறை முறுக்கிவிடு, ஃபோம் படிந்திருக்கும்.

கார்பெட் ஒட்டிய இடத்தில் துளை போட நேர்ந்தால் டிரில்லை நேராக வைக்காதே. இழை பிட்டில் சுற்றிக்கொண்டு, அதைப் பிடித்திருக்கும் சக் வரைக்கும் ஏறிவிடும், கார்பெட்டில் நீளமாக ஒரு கோடு பிய்ந்துவிடும். முதலில் கத்தியால் சின்னக் குறுக்குவெட்டுப் போட்டு, இழைகளை ஒதுக்கிவிட்டுத் துளை போடு.

ஆம்ப்ளிஃபையர் கம்பியைப் பெட்டியில் இணைக்கும் டெர்மினல் கிண்ணத்தை மறந்துவிடாதே. என்னைக் கேட்டால் அதுதான் ஸ்பீக்கரைவிடப் பெரிய குற்றவாளி. மெல்லிய பிளாஸ்டிக், நான்கே ஸ்க்ரூ, அடியில் கார்பெட். கிண்ணத்தில் கம்பி நுழையும் முனைகளைச் சுற்றியும் ஒழுகும். அங்கேயும் கார்பெட்டை அறுத்து எடு, நாடா ஒட்டு, முனைகளை உட்பக்கத்திலிருந்து அடைத்துவிடு. பலகை மூட்டுகளை வெளியிலிருந்து தொட முடியாது. ஸ்பீக்கர் துளை வழியாகக் கையை விட்டு, ஒவ்வொரு மூலையிலும் சிலிக்கானைப் பிதுக்கி விரலால் இழு. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அந்த ஆவி உலோகத்தை அரிக்கும். எதைப் பூசினாலும் நன்றாகக் காயும் வரை துளையைத் திறந்தே வை.

சோதனைக்குச் சோப்புத் தண்ணீர் தடவாதே, கார்பெட்டில் குமிழியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, நடுவிலுள்ள குமிழைத் தொடாமல் கோனை மெல்ல அழுத்திவிட்டு விடு. தயங்கித் தயங்கித் திரும்பினால் நல்ல அறிகுறி. சட்டென்று துள்ளினால் எங்கோ வழி இருக்கிறது. அப்போது 30 ஹெர்ட்ஸ் ஒற்றைத் தொனியைக் குறைந்த ஒலியில் போடு. பாட்டுப் போட்டால் கசிவு அதில் மறைந்துவிடும். ஈரக் கையை மூட்டுகளின் ஓரமாகக் கொண்டு போ. கைக்குப் பிடிபடாததை, ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து மறுமுனையால் தேடினால் பிடித்துவிடலாம். மைத்துனன் பெட்டியில் டெர்மினலை அப்படித்தான் பிடித்தேன்.

காது என்றதும் ஒன்று. கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ போகிறபோக்கில் சொல்வதுபோல, இரவில் காதில் ரீங்காரம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன், குமரா. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது நியாஷ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பரிந்துரை. அதன்பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள், பேஸ் வரவில்லையே என்று நீ ஏற்றிக்கொண்டே போன ஒலி எவ்வளவு இருந்திருக்கும்? பேஸ் வராவிட்டாலும் மற்றதெல்லாம் உன் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கும். பெட்டியை எப்போது வேண்டுமானாலும் பிரித்து ஒட்டலாம். காது மருத்துவரை இந்த வாரமே பார். தங்கைக்கும் தனியாக எழுதுகிறேன், அதனால் மறைக்க முயலாதே.

பதில் எழுதும்போது டெர்மினல் துளையின் விட்டத்தை அளந்து எழுது. என்னிடம் ஒரு கிண்ணம் மிச்சம் இருக்கிறது, பொருந்தினால் அனுப்புகிறேன். மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் அதே கடிதத்தில், முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
சேது