கவுன்சில் மிச்சம் பிடித்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டனில் மார்ச் மாதம் என்றால் கவுன்சில் (நம் பகுதி உள்ளூராட்சி மன்றம்) வரிச் சீட்டு அனுப்பும் மாதம். பார்த்துத் திட்டிவிட்டுக் கட்டிவிடுகிறோம். வரியை ஏற்றும்போதே 'இத்தனை மில்லியன் மிச்சம் பிடிக்கிறோம்' என்றும் பட்ஜெட்டில் எழுதியிருப்பார்களே, அதை யார் திறந்து பார்க்கிறோம்? இந்த வருடம் நான் வேலை மெனக்கெட்டு எங்கள் கவுன்சிலுடையதைப் பார்த்தேன்.

மிச்சம் என்ற தலைப்பின் கீழ் என்னென்னவோ இருக்கிறது. தோட்டக் குப்பை எடுக்க இனிமேல் தனிக் கட்டணமாம், அதுவும் மிச்சமாம். எங்களிடம் வாங்கும் காசு எப்படி ஐயா அவர்கள் மிச்சம் பிடித்ததாகும்? பார்க்கிங் பெர்மிட்டுக்குப் போன் பண்ணும் வசதியை எடுத்துவிட்டு எல்லாம் ஆன்லைன் என்று ஆக்கியதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அதை நிரப்பிக் கொடுத்தது நான்தான், முக்கால் மணி நேரம் போனது. அந்த முக்கால் மணி நேரம் யார் கணக்கில்?

அப்புறம் காலாண்டு அறிக்கை. மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டிருக்கிறார்கள், பச்சை என்றால் சொன்னபடி நடக்கிறதாம். பச்சையாக இருந்த ஒன்றின் குறிப்பைப் படித்தால், சொன்ன மாற்றம் நடக்கவேயில்லை, காலியான வேலைகளுக்கு ஆள் எடுக்காமல் விட்டுத் தொகையைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அது அந்த வருடத்தோடு போச்சு, அடுத்த வருடம் அதே பள்ளம் அப்படியே நிற்கும்.

இங்கிலாந்தில் முன்பு இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அரசுச் செலவில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று ஆராய்ந்து 2004இல் சர் பீட்டர் கெர்ஷன் தந்த அறிக்கைக்குப் பிறகு, வருடத்துக்கு 2.5 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும், அதில் பாதியாவது கையில் காசாக வர வேண்டும் என்று கவுன்சில்களுக்கு இலக்கு வைத்தார்கள். என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் ஓர் அறிக்கை, வருடம் முடிந்ததும் என்ன செய்தோம் என்று இன்னொன்று. சேவையின் தரம் குறையவில்லை என்றும் காட்ட வேண்டும், நூலகத்தை மூடிவிட்டு மிச்சம் என்று எழுத முடியாது. அதிலும் தில்லுமுல்லுக்கு இடம் இருந்தது, மறுக்கவில்லை. காசாக வராத பாதியில் 'ஊழியர் நேரம் மிச்சம்' என்று எதையும் எழுதலாம். ஆனாலும் சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. 2010இல் ஆட்சி மாறிய பிறகு இப்படி இலக்கு வைப்பதே போய்விட்டது, தணிக்கையைக் கவனித்து வந்த ஆடிட் கமிஷனும் 2015இல் மூடப்பட்டது.

குரோய்டன் கவுன்சில் 2020இலும் பர்மிங்காம் கவுன்சில் 2023இலும் உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவுப்படி அறிவித்தல் கொடுத்து, வரவு செலவைச் சமாளிக்க முடியவில்லை என்று கைவிரித்தது எல்லோருக்கும் தெரியும். குரோய்டனில் 2023இல் வரி ஒரேயடியாக 15 சதவீதம் ஏறியது. மறு வருடம் அரசாங்கம், காசை வீணாக்காமல் சேவையை எப்படி நடத்தப் போகிறீர்கள் என்று எல்லாக் கவுன்சில்களிடமும் 'உற்பத்தித்திறன் திட்டம்' கேட்டது. மூன்று நான்கு பக்கம் போதும், குறித்த படிவமும் கிடையாது. ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதினால் எதை எதோடு ஒப்பிடுவது?

எங்கள் கவுன்சிலிடம் நான் ஒன்றுதான் எழுதிக் கேட்டேன்: போன வருடம் சொன்ன மிச்சத்தில் எவ்வளவு காசாக வந்தது, அதில் எவ்வளவு இந்த வருடமும் தொடர்கிறது? தகவல் அறியும் சட்டப்படி 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். இன்று 23ஆவது வேலை நாள்.

இப்படிக்கு,
லண்டன் வாசகர் ஒருவர்