நைல் நதியில் ஒரு பகலும் கோணேசர் மலையடிக் கடலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த தை மாதம் மகன் குடும்பத்தாருடன் எகிப்துக்குச் சென்று, அஸ்வானிலிருந்து நைல் நதியில் ஒரு பகல் முழுவதும் பயணம் செய்தேன். அன்று கண்டவற்றை எங்கள் திருகோணமலையோடு சேர்த்து எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

காலையில் இயந்திரப் படகில் ஏறி, இசிஸ் தெய்வத்தின் பிலே கோயில் நிற்கும் தீவில் இறங்கினோம். 1902இல் முடிக்கப்பட்ட அஸ்வானின் முதல் அணையால் அக்கோயில் ஆண்டின் பெரும்பகுதி நீருக்குள் கிடந்தது. 1960இல் அஸ்வானில் அதைவிடப் பெரிய இரண்டாவது அணையான பேரணையின் வேலை தொடங்கியபோது அது அடியோடு அழிந்துபோகும் நிலை வந்தது. யுனெஸ்கோ முன்னின்று நடத்திய பெருமுயற்சியில், கோயிலைச் சுற்றித் தடுப்பணை எழுப்பி நீரை இறைத்து, ஏறத்தாழ 40,000 கற்களாகப் பிரித்து இலக்கமிட்டு, பக்கத்திலுள்ள அகில்கியா என்னும் உயரமான தீவில் பழையபடியே அடுக்கினார்கள். 1972இல் தொடங்கிய அவ்வேலை 1980இல் நிறைவெய்தியது. தூண்களில் பழைய நீர்மட்டத்தின் கறை இன்றும் தெரிகிறது. எங்கள் வழிகாட்டி அதைக் காட்டித்தான் கதையைத் தொடங்கினார். அதே பேரணையால் ஊரையும் வயலையும் இழந்த, அப்பகுதியின் பூர்வகுடிகளான நூபிய மக்களுக்கு, கற்களுக்குக் கிடைத்த அளவு கவனம் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நண்பகலில் பாய்மரப் படகில் எலிபன்ரைன் தீவுக்குப் போனோம். ஆற்றின் ஏற்ற இறக்கத்தை அளப்பதற்குக் கரையில் அமைத்த படிக்கட்டு அங்கே இருக்கிறது. வெள்ளத்தின் உயரத்தைப் பார்த்தே விளைச்சலையும் வரியையும் கணித்தார்களாம். கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வாழும் எங்களுக்கு அதை விளங்கிக்கொள்வது கடினமன்று. மாலையில் கப்பல் கொம் ஒம்போவை அடைந்தது. முதலைத் தெய்வமான சோபெக்குக்கும் பருந்துத் தெய்வமான மூத்த ஹோரஸுக்கும் ஒரே கோயிலில் இரண்டு மூலத்தானங்கள் அமைந்திருப்பதைக் கண்டு வியந்தேன்.

இவற்றையெல்லாம் பார்த்தபோது எங்கள் ஊரின் நிலைதான் நினைவுக்கு வந்தது. திருகோணமலையில் கடலோர மலைமேல் நின்ற எங்கள் கோணேசர் கோயிலை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். கோட்டை வாயிலில் இணைக்கயல் என்னும் இரட்டை மீன் சின்னத்தோடு கூடிய கல்வெட்டு இன்றும் நிற்கிறது. எஞ்சிய தூண்களும் கற்களும் மலையடிக் கடலில் கிடப்பதை 1956இல் ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தனர். ஆயினும் சென்ற மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரோடு அந்த மலையைப் படகில் சுற்றியபோது, கீழே என்ன கிடக்கிறது என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. படகோட்டிய தம்பியைக் குறைகூற மாட்டேன். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இறங்குதுறையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் விளக்கப் பலகைகள் வைக்கப்பட வேண்டும். கடலடியில் கிடப்பவற்றை இடம்பெயர்க்காமல் முறையாக அளந்து, படமெடுத்து, மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். படகோட்டிகளுக்குச் சில நாட்களேனும் வரலாற்று வகுப்பு நடத்த வேண்டும். உரிய அதிகாரிகள் இவற்றை ஒழுங்குசெய்வார்களாயின், முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்த நான் அவ்வகுப்புகளை ஊதியமின்றி எடுத்துத்தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.