ஃபிட் இல்லன்னா, எதுக்கு?

பாப்பா,

நேத்து ராத்திரி நீ அனுப்புன மெசேஜ பாத்தேன், மூணு ரவுண்டு இன்டர்வியூ வச்சு அலைய விட்டுட்டு கடைசில "எங்க டீமுக்கு நீங்க ஃபிட் இல்ல"ன்னு ஒத்த வரில முடிச்சுட்டாங்களாமே. அம்மா தூங்கவே இல்ல. எனக்கு அந்த ஃபிட்டுங்கற வார்த்தைதான் உறுத்திட்டே இருந்துச்சு, முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டரா வேல பாத்தவன்ல.

எங்க வேலைல ஒரே ஒரு பொருள கையில வச்சுக்கிட்டு ஃபிட்டா இல்லயான்னு சொல்லவே முடியாதும்மா. துளையும் வேணும், அதுக்குள்ள போற ஷாஃப்ட்டுங்கற உருண்டைத் தண்டும் வேணும். 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7-னு (H7) அளவுக் குறி டிராயிங்ல போட்டிருந்தா 25.000ல இருந்து 25.021 வரைக்கும் இருக்கலாம், அதுல ஷாஃப்ட் லேசா வழுக்கி ஓடணும்னா ஜி6 (g6), அதாவது 24.980க்கும் 24.993க்கும் நடுவுல. அதே துளைல அசையாம நிக்கணும்னா பி6 (p6), 25.022ல இருந்து 25.035. பாத்தியா, ஷாஃப்ட் துளைய விடப் பெருசு! ஆனா அதுக்கும் பேரு ஃபிட்டுதான், இன்டர்ஃபெரன்ஸ் ஃபிட்டுன்னு சொல்லுவோம், பிரஸ்ல வச்சு அமுக்கினாதான் உள்ள போகும். பேரிங்க ஷாஃப்ட்ல ஏத்தறதுன்னா 100 டிகிரி கிட்ட சூடு பண்ணி கிளவுஸ் போட்டு டக்குனு எடுத்து மாட்டணும், சத்தமே இல்லாம சறுக்கிட்டுப் போய் உக்காந்துக்கும், கொஞ்சம் யோசிச்சு நின்னோம்னா பாதி வழிலயே கவ்விக்கும், அப்புறம் புல்லர் போட்டு இழுக்கறதுக்குள்ள உயிரு போயிரும். புதுசுல சுத்தியல வச்சு அடிச்சு ஒரு பேரிங்க கெடுத்து வச்சு நான் வாங்குன திட்டு இருக்கே, அத விடு.

ஷாஃப்ட் துளைக்குள்ள போகலன்னா நாங்க முதல்ல டிராயிங்க பாப்போம், அப்புறம் ரெண்டையும் அளப்போம், பல நேரம் தப்பு துளைலதான் இருக்கும். உனக்கு வந்த மெயில்ல எந்த அளவு எவ்வளவு கம்மின்னு ஏதாச்சும் இருக்கா? கேள்வி கேக்க வழி இல்லாத மாதிரி சொல்றதுக்கு அந்த வார்த்த ரொம்ப வசதி, அவ்வளவுதான்.

அந்த வார்த்தையே ஒரு நிலையில நிக்காது. எங்க ஷாப்ல ஒருத்தருக்கு ஃபிட்ஸ் வந்து கீழ விழுந்துட்டாரு, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு பாத்துக்கிட்டோம், பத்து நாள் கழிச்சு வேலைக்கு வந்தப்ப டாக்டர் குடுத்த சர்டிபிகேட்ல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா, "ஃபிட்"! அவரே காட்டிக் காட்டி சிரிச்சாரு. பிரிட்டன்ல பசங்க யாரையாச்சும் ஃபிட்டுன்னா பாக்க அம்சமா இருக்காங்கன்னு அர்த்தமாம். "சர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்"னு 1864ல ஹெர்பர்ட் ஸ்பென்சர்ங்கற இங்கிலீஷ் தத்துவ அறிஞர் எழுதுனதையும் நெறைய பேரு பலசாலிதான் ஜெயிப்பான்னு நெனச்சுக்கறாங்க, 1869ல டார்வின் தன்னோட புக் அஞ்சாவது பதிப்புல அத எடுத்துக்கிட்டப்ப சொன்னது இருக்கற சூழலுக்குப் பொருந்தி வர்றத பத்தி, சூழல் மாறுனா கணக்கும் மாறிரும்.

அந்த எச்ஆருக்கு மரியாதையாவே ஒரு மெயில் போடு, எந்த விஷயத்துல ஃபிட் இல்லன்னு கேளு. பதில் வந்தா எனக்கு ஃபார்வர்ட் பண்ணு, நான் அளந்து பாக்கறேன். அம்மாவுக்கு இன்னிக்கே போன் பண்ணிடு, அழுத கொரல்ல பேசாத.

அப்பா