பழைய கணினியில் ஓப்பன்பொக்ஸ் நிலைக்காதது ஏன்?

ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. அதற்காக மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளின் பழைய கணினிகளை ஒதுக்கத் தேவையில்லை. 2 ஜிபி ரேம் உள்ளவற்றிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, ஓப்பன்பொக்ஸை விண்டோ மேனேஜராக, அதாவது திரையில் ஜன்னல்களை நிர்வகிக்கும் நிரலாக, வைக்கலாம். அதை நிரந்தரமாக்கும்போதுதான் சிக்கல்.

பலரும் 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' கட்டளையால் 'எக்ஸ்-விண்டோ-மேனேஜர்' என்பதை மாற்றுவார்கள். பிழை எதுவும் காட்டாது. ஆனால் திரும்ப லொகின் செய்தால், முன்பிருந்த டெஸ்க்டொப்பான எக்ஸ்எஃப்சிஇயே வந்து நிற்கும். ஏனென்றால் டெபியன் முதலில் பயனரின் 'டொட் எக்ஸ்செஷன்' கோப்பைத் தேடும், பிறகு டெஸ்க்டொப் முழுவதையும் தொடக்கிவைக்கும் செஷன் மேனேஜரை. இரண்டும் இல்லாவிட்டால்தான் விண்டோ மேனேஜரிடம் வரும். லொகின் திரையில் ஒரு செஷன் (எந்த டெஸ்க்டொப்பில் நுழைவது என்ற தெரிவு) தெரிவாகியிருந்தால் இந்த வரிசையையே பார்க்காது.

லொகின் திரையைக் காட்டும் லைட்டிஎம் நிரல் உள்ள கணினியில், 'ஈடிசி' அடைவிலுள்ள 'லைட்டிஎம்' அடைவின் 'லைட்டிஎம் டொட் கொன்ஃப் டொட் டி'க்குள், 'டொட் கொன்ஃப்' என முடியும் கோப்பொன்றில் இரண்டே வரி: '[சீட்:*]', அதன் கீழ் 'யூசர்-செஷன்=ஓப்பன்பொக்ஸ்'. எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து, 'சீட்'டின் முதலெழுத்து மட்டும் பெரியது. ஏலவே லொகின் செய்த மாணவர் கணக்குகளுக்கு இது பலிக்காது. கடைசியாகப் பாவித்த செஷனை லைட்டிஎம் நினைவில் வைத்திருக்கும். லொகின் திரையிலேயே ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

அடுத்து வெறும் திரை வரும். கணினி பழுதென்று பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள்! வலது கிளிக்கில் மெனு இருக்கிறது. ஆனால் பட்டை இல்லாமல் வைஃபை ஐகனுக்கு இடமில்லை. டின்ட்2 என்ற பட்டை நிரலை நிறுவி, எல்லாருக்கும் பொதுவான ஓப்பன்பொக்ஸ் 'ஓட்டோஸ்டார்ட்' கோப்பில் 'டின்ட்2 &' என எழுதுங்கள். அந்த & இல்லாவிட்டால் அடுத்த வரிகள் காத்துக் கிடக்கும்.

'டொட் எக்ஸ்செஷன்' வழியில் போவோருக்கு நேர்மாறு: கடைசி வரி 'எக்ஸெக் ஓப்பன்பொக்ஸ்-செஷன்' என்றே முடிய வேண்டும். அங்கே & போட்டால் செஷன் உடனே முடிந்து, பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் லொகின் திரைக்கே திரும்பும். அப்படி நடந்தால் கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து, பயனர் அடைவின் 'டொட் எக்ஸ்செஷன்-எரர்ஸ்' கோப்பைப் பாருங்கள்.

க்னோம் என்ற டெஸ்க்டொப்பை வேலண்ட் என்ற திரை அமைப்பில் வைத்திருப்போர் இதில் மினக்கெட வேண்டாம். அங்கே விண்டோ மேனேஜரைத் தனியே கழற்றி மாற்ற முடியாது.

கணினி திருத்துநர்,
களுவாஞ்சிகுடி.