விரலை எடுத்தால்தான் நகர்ந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தில் வந்த ஆர்டுயினோ (மின்னணுச் சாதனங்கள் செய்து பழகும் சிறு போர்டு) கட்டுரை, மின்சாரம் மிச்சமாகத் தூங்கும் மைக்ரோகண்ட்ரோலரை (போர்டை இயக்கும் சிறு கணினிச் சிப்பை) ஒரு பொத்தானால் எழுப்பலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு எனக்கு இரண்டு ராத்திரி போனது. பேரனுக்காக மாடித் தோட்டத்து ஈரமானி செய்தபோது, ஊனோ என்ற ஆர்டுயினோ போர்டின் 2ஆம் பின்னில் (இணைப்பு முனையில்) பொத்தானை வைத்து, அதை அழுத்தி மின்னழுத்தம் தாழ்நிலையில் இருக்கும்போது இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்திச் சிப்பைக் கூப்பிடும் சைகை) வரும்படி நிரல் எழுதினேன். போர்டில் உள்ள அட்மெகா328பி சிப் எழுந்தது. ஆனால் விரலை எடுக்கும்வரை நிரல் நின்ற இடத்திலேயே நின்றது. பொத்தான் அழுந்தியிருக்கும்வரை இன்டரப்ட் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்குமாம்! இன்டரப்ட் வந்ததும் முதல் வேலையாக அதை முடக்கி, மறுபடி தூங்கப் போகும்போதுதான் இயக்க வேண்டும். பொத்தானை அழுத்தாதபோது பின்னை உயர்நிலையில் பிடித்துவைக்கும் உள் புல்-அப் (சிப்புக்குள் இருக்கும் மின்தடை) இல்லாவிட்டால் அந்தப் பின் அந்தரத்தில் தொங்கும். யாரும் தொடாமலே சிப் விழித்துக்கொள்ளும். அப்புறம், பேட்டரி மிச்சமாகும் என்று ஊனோவை நம்ப வேண்டாம். சிப் தூங்கினாலும் போர்டின் விளக்கும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரும் மின்சாரம் குடித்தபடிதான் இருக்கும்.

– ஓய்வுபெற்ற ஐடிஐ பயிற்றுநர், கோவில்பட்டி